தலையில்லாத நான்கு பேர்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சாப்பாடு முடிந்து, சாய்வு நாற்காலியில் சாய்ந்து, கையில் ஒரு கனமான சித்திரப் புத்தகத்துடன் நான் 'படித்துக்கொண்டிருந்தேன்'. (எங்கள் வீட்டில் இந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்பது எல்லாருக்கும் தெரியும்.) புத்தகம் நழுவிக் கீழே விழுந்தது. மூன்றாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி ஓடிவந்து எடுத்தாள். எடுத்தவள் அதில் திறந்திருந்த பக்கத்தைப் பார்த்துவிட்டு என்னை உலுக்கினாள்.

"தாத்தா! இந்த நாலு பேருக்கும் ஏன் தலையே இல்லே?"

நார்மன் ராக்வெல் என்ற அமெரிக்கச் சித்திரக்காரர் வரைந்த படம் அது. 1964-ஆம் ஆண்டு ஜனவரியில் 'லுக்' என்ற பத்திரிகையில் வெளியாயிற்று. வெள்ளைக் கவுன் போட்ட ஒரு கறுப்பினச் சிறுமி கையில் நோட்டும் அடிக்கோலும் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நடக்கிறாள். முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர், கோட்டுப் போட்ட ஆட்கள். தோளுக்கு மேல் அவர்களைப் படத்தின் விளிம்பு வெட்டிவிடுகிறது. பின்னாலுள்ள சுவரில் தக்காளி ஒன்று அடித்து நசுங்கிச் சிவப்பாக வழிகிறது.

"படம் போட்டவர் அந்தப் பாப்பாவின் உயரத்துக்குக் குனிந்துகொண்டு பார்த்திருக்கிறார். உன் உயரத்துக்குப் பெரியவர்கள் எப்படித் தெரிவார்கள்? கையும் காலும்தானே?" என்றேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். ஆனால் அவள் விடவில்லை. சுவரில் எழுதியிருப்பது என்ன என்று கேட்டாள். அது ஒரு வசவு. "கெட்ட வார்த்தை" என்றேன். யாரைத் திட்டுகிறார்கள் என்றாள். அந்தப் பெண்ணைத்தான் என்றேன்.

"அவ என்ன தப்புப் பண்ணினா?"

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: பக்கத்தைப் புரட்டிவிட வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றியது. அடுத்த பக்கத்தில் ஒரு நாய்க்குட்டிப் படமாவது இருக்கக் கூடாதா என்று ஏங்கினேன். நாற்பது வருஷமாகக் கதை எழுதிப் பிழைக்கிறவன் ஓர் எட்டு வயதுக் குழந்தையின் கேள்விக்கு நாய்க்குட்டியைத் தேடினேன்!

அவள் செய்த தப்பு, பள்ளிக்கூடத்துக்குப் போனதுதான். அந்தச் சிறுமியின் பெயர் ரூபி பிரிட்ஜஸ். ஊர், லூயிசியானா மாகாணத்தில் உள்ள நியூ ஆர்லியன்ஸ். அந்தத் தென் மாகாணங்களில் வெள்ளைக் குழந்தைகளுக்கு ஒரு பள்ளி, கறுப்புக் குழந்தைகளுக்கு வேறொரு பள்ளி. 'தனித்தனியாக இருக்கலாம், சமமாக இருந்தால் போதும்' என்று 1896-இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றமே அதற்குச் சம்மதம் கொடுத்திருந்தது. தனித்தனியாக இருந்தது வாஸ்தவம். சமமாக இருந்ததில்லை. 1954-ஆம் ஆண்டு மே மாதம் 17-ஆம் தேதி அதே நீதிமன்றம், பள்ளிகளில் அப்படிப் பிரிப்பது செல்லாது என்று தீர்ப்பளித்தது. அந்த வருஷம் செப்டம்பரில்தான் ரூபி பிறந்தாள். தீர்ப்பும் குழந்தையும் கிட்டத்தட்ட ஒரே வயது. குழந்தை தவழ்ந்து, நடந்து, பேசக் கற்றுக்கொண்டது. தீர்ப்பு மட்டும் நியூ ஆர்லியன்ஸில் படுத்த படுக்கையாகவே கிடந்தது. ஆறு வருஷம் கழித்துத்தான் ஸ்கெல்லி ரைட் என்ற நீதிபதி விடாப்பிடியாக நின்று அதை எழுப்பி நடக்க வைத்தார்.

1960, நவம்பர் 14. மூன்று சிறுமிகள் ஒரு பள்ளிக்குப் போனார்கள். வில்லியம் ஃப்ரான்ட்ஸ் பள்ளிக்கு ரூபி ஒருத்தி மட்டும். மத்திய அரசின் மார்ஷல்கள் காரில் வந்து அவளையும் அவள் தாயாரையும் அழைத்துப் போனார்கள். படத்தில் தலையில்லாமல் நடப்பவர்கள் அந்த மார்ஷல்கள்தான். பள்ளி வாசலில் கூட்டம் கூடிக் கத்தியது. நியூ ஆர்லியன்ஸில் வருஷா வருஷம் 'மார்டி கிரா' என்று ஒரு திருவிழா. ஜனங்கள் தெருவில் நின்று கூச்சல் போட்டுப் பொருள்களை வீசுவார்கள். ரூபி அந்தத் திருவிழாதான் வந்துவிட்டது என்று நினைத்தாளாம். அன்று முழுவதும் தலைமையாசிரியரின் அறையிலேயே உட்கார்ந்திருந்தாள். வெள்ளைக்காரப் பெற்றோர்கள் தத்தம் குழந்தைகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியேறுவது கண்ணாடி வழியே தெரிந்தது.

மறுநாள் வகுப்புக்குப் போனாள். அங்கே ஒரே ஒரு ஆசிரியை. வடக்கே பாஸ்டன் நகரத்திலிருந்து வந்த பார்பரா ஹென்றி. மற்றப் பெஞ்சுகள் எல்லாம் காலி. அந்த வருஷம் முழுவதும் ஒரு மாணவி, ஓர் ஆசிரியை. கணக்கு, பாட்டு, விளையாட்டு எல்லாம் இருவருக்குள்ளேதான். ஹென்றி அம்மாள் கரும்பலகைக்குப் பக்கத்தில் நிற்காமல் ரூபியின் அருகிலேயே உட்கார்ந்து பாடம் சொன்னார்.

இதுவரை பேத்தியிடம் சொன்னேன். சொல்லாமல் விட்டதும் உண்டு. வாசகர்கள் பெரியவர்கள், உங்களிடம் சொல்லலாம். கூட்டத்தில் ஒரு ஸ்திரீ, குழந்தைக்கு விஷம் வைத்துவிடுவேன் என்று தினமும் மிரட்டினாள். அதனால் வீட்டிலிருந்து வருவதைத் தவிர வேறெதையும் ரூபி சாப்பிடக் கூடாது என்று மார்ஷல்கள் உத்தரவு போட்டார்கள். இன்னொரு ஸ்திரீ சின்னச் சவப்பெட்டி ஒன்று செய்து, அதில் ஒரு கறுப்புப் பொம்மையைக் கிடத்தி எடுத்துக்கொண்டு வந்தாள். வசவுகளைக் காட்டிலும் அந்தப் பெட்டிதான் தன்னை நடுங்க வைத்தது என்று ரூபி பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். தகப்பனாருக்கு பெட்ரோல் பங்கில் இருந்த வேலை போயிற்று. மிஸிஸிப்பியில் வாரத்துக்கு உழுதுகொண்டிருந்த தாத்தா பாட்டியை நிலத்தை விட்டு வெளியேற்றினார்கள்.

என் தொழில்காரர் ஒருவர், நாவலாசிரியர் ஜான் ஸ்டீன்பெக், தம் நாயுடன் அமெரிக்காவைச் சுற்றிக்கொண்டிருந்த சமயம் அது. அந்தப் பள்ளி வாசலுக்குப் போய் நின்று பார்த்து, 1962-இல் வெளிவந்த தம் பயண நூலில் எழுதினார். வாசலில் கத்திய ஸ்திரீகள் பத்திரிகையில் தங்களைப் பற்றி வந்திருந்த துணுக்குகளைக் காட்டிப் பூரித்துக்கொண்டிருந்ததையும் அவர் கவனிக்கத் தவறவில்லை. கைதட்டலுக்குக் காத்திருந்த நடிகைகள்! ராக்வெல்லின் படத்தில் அந்தக் கூட்டம் இல்லை. கூட்டம் நின்ற இடத்தில் படத்தைப் பார்க்கிற நாம் நிற்கிறோம்.

ராபர்ட் கோல்ஸ் என்ற மனநல மருத்துவர் வாராவாரம் ரூபியின் வீட்டுக்குப் போய் அவளைப் படம் வரையச் சொல்வார். வெள்ளைக்காரர்களை வரையும்போது கை, கால், விரல் எல்லாம் சரியாகப் போடுவாள். தன்னைப் போன்றவர்களை வரையும்போது உருவம் சிறுத்துவிடும். ஒரு விரல் குறையும், ஒரு காது இருக்காது. அந்த வீட்டில் அப்படி யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. காற்றில் இருந்ததை அவள் மூச்சோடு இழுத்துக்கொண்டாள்.

இதையெல்லாம் சின்னக் குழந்தைகளுக்குச் சொல்லலாமா? அமெரிக்காவிலேயே இந்தச் சண்டை ஓயவில்லை. ரூபியின் கதையை 1998-இல் திரைப்படமாக எடுத்தார்கள். 2023-இல் ஃப்ளோரிடா மாகாணத்தில் ஓர் ஆரம்பப் பள்ளியில் ஒரு தாயார், இது வெள்ளையர் கறுப்பரை வெறுக்கிறார்கள் என்று குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுத்துவிடும் என்று ஆட்சேபித்தார். பள்ளியில் படத்தை நிறுத்தி வைத்தார்கள். அந்த அம்மாளைப் பரிகாசம் செய்ய எனக்கு யோக்கியதை இல்லை. நாய்க்குட்டியைத் தேடியவன் நான். ஆனால் வெறுப்பைக் குழந்தைக்கு யார், எப்போது கற்றுக்கொடுக்கிறார்கள் என்பதை ரூபியே சொல்லியிருக்கிறார். பேத்திக்கும் அதைத்தான் சொன்னேன்.

முதல் நாள் வாசலில் கூட்டம் ஒரு கோஷம் போட்டது. 'எங்களோடு கலக்காதே' என்பது அதன் சாரம். இங்கிலீஷில் எதுகையும் தாளமுமாக இருக்கும். ரூபிக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று! வீட்டுக்கு வந்து தோழிக்குச் சொல்லிக் கொடுத்தாள். இருவரும் அதைப் பாடிக்கொண்டே கயிறு தாண்டினார்கள்.

பேத்தி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வருஷ முடிவு நெருங்கியபோது சில வெள்ளைக் குழந்தைகள் பள்ளிக்குத் திரும்பியிருந்தார்கள். அவர்களை வேறு அறையில் வைத்திருந்தார்கள். எங்கிருந்தோ குரல்கள் கேட்கின்றன, குழந்தைகளைத்தான் காணோம் என்று ரூபி குழம்பினாள். ஹென்றி அம்மாள் தலைமையாசிரியரோடு மல்லுக்கு நின்று அவர்களை ரூபியுடன் சேர்த்து வைத்தார். அப்போதுதான் ஒரு பையன் சொன்னான்: 'உன்னோடு விளையாட மாட்டேன். கூடாது என்று அம்மா சொல்லியிருக்கிறாள்.' காரணத்தையும் சொன்னான். சுவரில் எழுதியிருந்த அதே வார்த்தை.

மார்ஷல்கள், கூட்டம், காலிப் பெஞ்சுகள் எல்லாவற்றுக்கும் காரணம் தன் நிறம் என்பது அந்த வினாடியில்தான் ரூபிக்குப் புரிந்ததாம். ஒரு வருஷக் கூச்சல் புரிய வைக்காததை ஒரு சின்னப் பையனின் ஒற்றைப் பேச்சு புரிய வைத்தது. அவன்மேல் ரூபிக்குக் கோபமும் வரவில்லை. தன் அம்மா அப்படிச் சொல்லியிருந்தால் தானும் அப்படித்தான் கேட்டிருப்பேன் என்று நினைத்துக்கொண்டாள். வெயிலில் போகாதே, மழையில் நனையாதே என்பதுபோல அவனுக்கு அதுவும் வீட்டில் சொன்ன ஒரு சொல்.

"அப்புறம்?" என்றாள் பேத்தி.

அடுத்த வருஷம் மார்ஷல்கள் இல்லை, கூட்டமும் இல்லை. வகுப்பு நிறையக் குழந்தைகள். ஆனால் ஹென்றி டீச்சரும் இல்லை. அவரைப் பள்ளியில் வைத்துக்கொள்ளவில்லை. அவரிடம் கற்ற பாஸ்டன் உச்சரிப்பைப் புது ஆசிரியை குறை சொன்னார். ரூபியும் ஹென்றி அம்மாளும் மறுபடி சந்தித்தது 1996-இல்.

பேத்தி கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "உங்ககிட்ட யாராவது அப்படிச் சொல்லியிருக்காங்களா தாத்தா? விளையாடக் கூடாதுன்னு?" என்றாள்.

ரூபி என்னைவிட நாலைந்து வயது இளையவர். அவர் காரிலிருந்து இறங்கிய அந்த நாளுக்கு இரண்டு வருஷம் முன்னால், எங்கள் ஊர்த் தெருக்கோடியில், என்னோடு பம்பரம் விட ஒரு பையன் வருவான். ஊருக்கு வெளியே அவன் வீடு. ஒரு நாள் தாகம் என்று எங்கள் திண்ணையில் ஏறிவிட்டான். அன்று சாயங்காலம் என் பாட்டி எனக்கு ஒரு புத்திமதி சொன்னாள். கோபமாகக்கூட இல்லை; தலையில் எண்ணெய் தடவிக்கொண்டே சொன்னாள். மறுநாள் அவன் வந்தபோது நான் அதை அப்படியே ஒப்பித்தேன். பாட்டியின் குரல்கூட எனக்கு வந்துவிட்டது.

"என்கிட்ட யாரும் சொல்லலே. நான்தான் ஒருத்தன்கிட்டச் சொன்னேன்" என்றேன்.

"நீங்களா?"

"நான்தான்."

"அவன் என்ன சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லலே. சாட்டையைப் பம்பரத்தில் சுத்திக்கிட்டே போயிட்டான்."

"அப்புறம் அவனைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன். எங்க பள்ளிக்கூடத்திலேதான் படிச்சான். எட்டாவது வரைக்கும்."

"ஸாரி சொன்னீங்களா?"

நான் புத்தகத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். அவன் பெயரைக் கேட்டாள், சொன்னேன். அது மறக்கவில்லை.