எஞ்சியிருந்த வலிமை

பெரிய அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறிக்கப்பட்டவரிடம், "ஒன்றும் ஆகாது, தைரியமாக இருங்கள்" என்கிறோம். அன்பில் பிறக்கும் சொல்தான். ஆயினும் இரவெல்லாம் உறங்காது விழித்திருப்பவருக்கு அது போதிய ஊன்றுகோலாவதில்லை. உறுதியான ஊன்றுகோல் எது என்பதை நம் பகுதியின் வரலாறு ஒன்று உணர்த்துகிறது.

கல்பாக்கத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டை அடைந்தால், அருகே திருமணி என்னும் ஊர் உள்ளது. அங்கிருந்த லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனைக்கு 1947-ஆம் ஆண்டு டாக்டர் பால் பிராண்ட் வந்தார். 1914-இல் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்து, கொல்லிமலையில் வளர்ந்தவர். அப்போது வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவர். அவரை அழைத்தவர் தொழுநோய் வல்லுநர் இராபர்ட் காக்ரேன்.

கொக்கிபோல் மடங்கிய விரல்களைக் கண்ட பிராண்ட், ஒரு நோயாளியிடம் தம் கையை இறுகப் பற்றச் சொன்னார். பயனற்றது என்று கைவிடப்பட்ட அந்தக் கையின் பிடி, அவருக்கு வலிக்கும் அளவுக்கு வலிமையாக இருந்தது! உள்ளங்கையின் சிறு தசைகளே செயலிழந்திருந்தன. முன்கையின் தசைகள் பல நலமாகவே இருந்தன.

எஞ்சியிருந்த அந்த வலிமையை விரல்களுக்கு மாற்றித் தர இயலுமா? தொழுநோயாளியின் சதையை அறுத்தால் ஆறாது என்ற எண்ணம் மருத்துவரிடையேயும் நிலவிய காலம் அது. 1940-களின் பிற்பகுதியில் வேலூரில் முதன்முதலாக இச்சிகிச்சைக்கு இசைந்தவர்களுக்கு, முன்பு குணமடைந்தவர் என்று காட்ட எவரும் இல்லை. வெற்றி நிச்சயம் என்று மருத்துவராலும் வாக்களிக்க இயலவில்லை. ஆயினும் அவர்கள் கையை நீட்டினார்கள். நலமான தசைநாண் எடுத்து விரல்களில் இணைக்கப்பட்டது. புண் ஆறியது, வாரக்கணக்கான பயிற்சிக்குப்பின் விரல்கள் நிமிர்ந்தன.

துயரம் அத்துடன் முடியவில்லை. கை சீரானவர்களுக்கு வேலை தர ஊரார் அஞ்சினர். நிமிர்ந்த கைக்குப் பிச்சையும் அரிதாயிற்று. எனவே வேலூரில் நவஜீவ நிலையம் தொடங்கப்பெற்று, தச்சு முதலிய தொழில்கள் கற்பிக்கப்பட்டன. அறுவைக்குப் பின் வரும் நாள்களுக்கும் வழி செய்தபோதுதான் அச்சிகிச்சை முழுமை பெற்றது.

அன்பர்களே, அச்சம் விசுவாசக் குறைவின் அடையாளமன்று. கெத்சமனித் தோட்டத்தில் ஆண்டவரே கலங்கினார்; தம்மோடு விழித்திருக்குமாறு சீடரை வேண்டினார். நோயுற்றவரின் இழப்பை மறைத்துப் பேச வேண்டியதில்லை. அவரிடம் எஞ்சியுள்ள வலிமையை அவரே காணச் செய்வோம். மருத்துவரிடம் கேட்கத் தயங்கும் கேள்விகளைக் கேட்கத் துணை செல்வோம். முதல் வாரம் கஞ்சி வைத்துத் தருவது யார், பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்வது யார் என்பதை அறுவைக்கு முன்னரே அவரிடம் சொல்லிவிடுவோம். வீடு திரும்பும் நாளை அவர் எண்ணிப் பார்க்க அதுவே போதும்.