நியமன அதிகாரம் யார் கையில்? கியோட்டோப் பல்கலைக்கழகமும் பேராசிரியர் அவையும்

கியோட்டோப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அதன் ‘சுதந்திரமான கல்வி மரபை’ முன்னிறுத்துவார்கள். தலைநகரிலிருந்து விலகி நிற்கும் தொலைவு, பழைய அரச நகரத்தின் தன்மானம், மாணவரின் கட்டற்ற போக்கு என்று அதற்குக் காரணங்களும் சொல்லப்படும். ஊர்க்குணத்தை வைத்து ஒரு நிறுவனத்தை விளக்குவது எளிது; ஆனால் அந்த மரபு ஏன் சில காலம் தழைத்தது, ஏன் 1933இல் ஒரே கோடையில் சரிந்தது என்பதற்கு அதில் விடை இல்லை. பேராசிரியரை அமர்த்தவும் நீக்கவும் உள்ள அதிகாரம் எவரிடம் இருந்தது என்ற நிர்வாகக் கேள்வியே கியோட்டோவின் சுதந்திரத்துக்கு அளவுகோல் என்பது இக்கட்டுரையின் வாதம். கூடவே இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது: அந்த அதிகாரம் முழுப் பல்கலைக்கழகத்துக்கும் உரியதாக ஒருபோதும் இருந்ததில்லை. தனித்தனிப் புலங்களின் பேராசிரியர் அவைகளே அதை வைத்திருந்தன.

ஜப்பானின் உயர்கல்வி அரசுத் தேவையிலிருந்து பிறந்தது. கல்வி அமைச்சர் மோரி அரினோரியின் காலத்தில் வெளியான 1886ஆம் ஆண்டின் ஏகாதிபத்தியப் பல்கலைக்கழக ஆணை, நாட்டின் தேவைக்கேற்பக் கலைகளையும் அறிவியலையும் கற்பித்து ஆராய்வதே பல்கலைக்கழகத்தின் நோக்கம் என்றது. டோக்கியோவில் இருந்த ஒரே பல்கலைக்கழகத்துக்குத் துணையாக, 1897 ஜூனில் கியோட்டோ ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. மூன்றாம் உயர்நிலைப் பள்ளியின் வளாகம் அதற்கு ஒதுக்கப்பட்டது. அறிவியல்-பொறியியல் கல்லூரி முதலில் வந்தது. 1899இல் சட்டமும் மருத்துவமும், 1906இல் இலக்கியக் கல்லூரியும் சேர்ந்தன.

உள்ளமைப்பின் அச்சாணி ‘கோஸா’ எனப்படும் பேராசிரியர் இருக்கை. அமைச்சர் இனோவே கொவாஷி 1893இல் கொண்டுவந்த முறை இது. ஓர் இருக்கைக்கு ஒரு பேராசிரியர், அவருக்குக் கீழ் துணைப் பேராசிரியர், உதவியாளர்கள். துறையும் நிதியும் வாரிசும் இந்த அலகுக்குள்ளேயே முடிவாயின. இருக்கையாளர்கள் கூடும் அவையே புலத்தின் பேராசிரியர் அவை. தன்னாட்சி என்று பின்னாளில் போற்றப்பட்டது, நடைமுறையில் இந்த அவையின் தன்னாட்சிதான்.

1913 மே மாதம் சவாயனாகி மசதாரோ கியோட்டோப் பல்கலைக்கழகத் தலைவரானார். தோஹோகு ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகத்தின் முதல் தலைவராக இருந்தவர். அவர் வகுத்த கொள்கையின்படி அதே ஆண்டில் அங்கே மூன்று பெண்கள் மாணவர்களாகச் சேர்ந்தனர். ஜப்பானிய ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகங்களில் அதுவே முதல் முறை. கியோட்டோவில் அவர் செய்த முதல் பெரிய காரியம், தகுதி குன்றியவர்கள் என்று தாம் கருதிய ஏழு பேராசிரியர்களிடம் பதவி விலகல் கடிதம் கேட்டது. நீக்கப்பட்டவர்களில் சட்டக் கல்லூரியைச் சேர்ந்தவர் எவருமில்லை. ஆயினும் எதிர்ப்பு எழுந்தது அங்கிருந்துதான். ஒரு பேராசிரியரின் தகுதியைச் சக பேராசிரியர்களே அளக்க முடியும், அவையின் இசைவின்றித் தலைவர் எவரையும் நீக்கக் கூடாது என்பது அவர்கள் வாதம். 1914 ஜனவரியில் சட்டப் பேராசிரியர்கள் கூட்டாகப் பதவி விலகினர். அமைச்சர் ஒகுதா யோஷிதோ இறங்கிவந்தார்; ஏப்ரலில் சவாயனாகி வெளியேறினார். 1915இல் அராகி தொரசபுரோ பல்கலைக்கழகத்தினரின் தேர்வின் பேரில் தலைவரானார்.

இந்த வெற்றியின் சட்டப் பெறுமதி என்ன? தலைவர் தம் அதிகாரத்தைச் செலுத்துகையில் பேராசிரியர் அவையுடன் உடன்பாடு காண்பதில் தடையில்லை, அது பொருத்தமும்கூட என்பதே அமைச்சர் ஒப்புக்கொண்டதன் சாரம். இது அனுமதி, கட்டளை அன்று. சட்டத்தையே தொழிலாகக் கொண்டவர்கள் இதில் நிறைவடைந்தது வியப்பே. சவாயனாகியை வில்லனாகவும் அவையை நாயகனாகவும் வரைவதும் சரியல்ல. கதவைப் பெண்களுக்குத் திறந்தவர் அவர். கதவைக் காத்தவர்கள் பேராசிரியர்கள். கியோட்டோ பெருமையோடு நினைவுகூரும் துணிச்சலான நியமனங்களில் ஒன்றும் இந்த வெற்றிக்கு முந்தியது: பட்டம் பெறாத பத்திரிகையாளரான நைதோ கோனனை 1907இல் சீன வரலாறு கற்பிக்க அழைத்துவந்தவர், இலக்கியக் கல்லூரியின் முதல் தலைவர் கானோ கோகிச்சி. நைதோ விரிவுரையாளராகத் தொடங்கி 1909இல் பேராசிரியரானார். அவையின் தன்னாட்சியும் அறிவின் திறந்த மனமும் ஒன்றே என்று கொள்வதற்கு இடமில்லை.

அனுமதியாகப் பெற்றதன் பலவீனம் 1933இல் தெரிந்தது. குற்றவியல் பேராசிரியர் தகிகவா யுகிதொகியின் பாடநூல்கள் ஏப்ரலில் தடை செய்யப்பட்டன. கிளர்ச்சிக் குற்றம் பற்றியும், மனைவியின் பிறழ்வை மட்டும் குற்றமாக்கிய பிறன்மனைச் சட்டம் பற்றியும் அவர் எழுதியவை குற்றமாயின. அவரை விலக்குமாறு அமைச்சர் ஹதோயாமா இச்சிரோ கேட்டார். வழக்கப்படி தலைவரின் பரிந்துரை வேண்டும். தலைவர் கொனிஷி ஷிகெனாவோ தர மறுத்தார். பரிந்துரை இல்லாமலே மே 26 அன்று அரசு அலுவலர் நிலை ஆணையின் கீழ் தகிகவா பணியிடைநீக்கம் செய்யப்பட்டார். சட்டப் புலத்தின் பேராசிரியர் முதல் உதவியாளர் வரை அனைவரும் விலகல் கடிதம் கொடுத்தனர்.

பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் பலித்த ஆயுதம் இம்முறை பலிக்கவில்லை. அடக்குமுறை வலுத்திருந்தது என்பது பாதி விடை. மறுபாதி, அரசு கையாண்ட சமரசத்தில் இருக்கிறது. கொனிஷிக்குப் பின் தலைவரான மத்சுயி மொதோகியோ, தகிகவா, சசகி சோஇச்சி, சுவேகவா ஹிரோஷி உள்ளிட்ட ஆறு பேரின் விலகலை மட்டும் ஏற்றார். பின்னர் ஒரு தீர்வு முன்வைக்கப்பட்டது: தகிகவா நடவடிக்கை அசாதாரணமான விதிவிலக்கு, இனிப் பேராசிரியர் நீக்கம் தலைவரின் பரிந்துரைப்படியே நடக்கும். வழக்கம் சொல்லளவில் காப்பாற்றப்பட்டது! அதை ஏற்றுச் சிலர் தங்கினர், ஏற்காமல் சிலர் வெளியேறினர்; புலம் உடைந்தது. மற்றப் புலங்கள் பெரும்பாலும் விலகியே நின்றன. தன்னாட்சி புலத்தின் சொத்தாக இருந்ததன் விலை இது. ஒரு புலம் தாக்கப்பட்டபோது பல்கலைக்கழகம் என்ற முழுமை எழுந்து வரவில்லை.

போருக்குப் பின் தகிகவா திரும்பி, 1953 முதல் 1957 வரை தலைவராகவும் இருந்தார். அதைவிட முக்கியமானது 1949ஆம் ஆண்டின் கல்விப் பொது ஊழியர் சிறப்புச் சட்டம். கல்விச் சுதந்திரத்துக்கு உறுதி தந்த அரசமைப்பின் 23ஆம் பிரிவை ஒட்டி, ஆசிரியர் தேர்வைப் பல்கலைக்கழகத்தின் கையிலேயே அது வைத்தது. 1914இல் வழக்கமாக இருந்தது இப்போது சட்டமானது. இந்தக் காலத்தின் நல்ல படைப்புகளுள் ஒன்று இருக்கை முறையைத் தாண்டியது என்பதையும் குறிக்க வேண்டும். யுகாவா ஹிதெகி 1949இல் நோபல் பரிசு பெற்றதை ஒட்டி 1953இல் எழுந்த அடிப்படை இயற்பியல் ஆய்வகம், நாடெங்குமுள்ள ஆய்வாளர்கள் பொதுவில் பயன்படுத்தும் முதல் நிறுவனமாக அமைந்தது. பேராசிரியர் அவைக்கு வெளியேயும் ஆய்வாளர் தன்னாட்சி சாத்தியம் என்பதற்கு அது சான்று. அந்த மாதிரி புலங்களுக்குள் பரவாமற் போனது இழப்பு.

2004 ஏப்ரலில் தேசியப் பல்கலைக்கழகங்கள் தனித்தனிச் சட்டநபர்களாக்கப்பட்டன. அரசின் கிளை என்ற நிலை போய்ப் பல்கலைக்கழகம் தனித்து நின்றது. சுதந்திரம் என்று அது அறிமுகப்படுத்தப்பட்டது. ஆனால் ஆசிரியர்கள் அரசு ஊழியர் என்ற தகுதியை இழந்ததால், அவர்களைக் காத்த 1949ஆம் ஆண்டுச் சட்டமும் அவர்களுக்குப் பொருந்தாமல் போயிற்று. தலைவரை வெளியாரும் இடம்பெறும் தேர்வுக்குழு தெரிவு செய்கிறது. ஆறாண்டு இலக்குகளை அமைச்சர் வகுக்கிறார். 2004இல் ஏறத்தாழ 1.24 லட்சம் கோடி யென்னாக இருந்த, தேசியப் பல்கலைக்கழகங்களுக்கான மொத்த நடைமுறை மானியம், 2023இல் ஏறத்தாழ 1.08 லட்சம் கோடியாகச் சுருங்கியது. 2015இல் நடைமுறைக்கு வந்த பள்ளிக்கல்விச் சட்டத் திருத்தம், தலைவருக்குக் கருத்துச் சொல்லும் இடமாகப் பேராசிரியர் அவையைக் குறுக்கியது. எந்தப் பேராசிரியரையும் நீக்காமலே, எந்தப் புத்தகத்தையும் தடுக்காமலே இது நிறைவேறியது. அதனால்தான் கூட்டு விலகல் எதுவும் நிகழவில்லை என்று கருதுகிறேன்: எதிர்ப்பதற்கு ஒரு தகிகவா இல்லை.

பழைய அவைக்கு மீள்வது தீர்வாகாது. அது ஒரு சிறு வட்டத்தின் உரிமை. இளம் ஆய்வாளருக்கும் மாணவருக்கும் அதில் பங்கு குறைவு. இருப்பினும் அதன் இடத்தில் வந்தது விரிந்த தன்னாட்சி அன்று, குவிந்த தலைமை. 2023 டிசம்பரில் நிறைவேறிய சட்டத் திருத்தத்தின்படி பெரிய தேசியப் பல்கலைக்கழக நிறுவனங்கள் ஐந்தில் இயக்கக் கொள்கை அவை கட்டாயமாயிற்று. கியோட்டோ அவற்றுள் ஒன்று. ஆறாண்டுத் திட்டமும் வரவுசெலவும் இந்த அவையின் தீர்மானத்துக்கு உரியவை. அதன் உறுப்பினர்களைத் தலைவர் நியமிக்கிறார், கல்வி அமைச்சரின் ஒப்புதலைப் பெற்ற பின்பு.