டீசல் ஜீப்பின் ஒயில் பில்டர் மாற்றம்

நான்கு சக்கரங்களும் எஞ்சினால் இயக்கப்படும் ஜீப், டபுள் கெப் முதலிய டீசல் வாகனங்களில், மசகெண்ணெயைச் சுத்திகரிக்கும் பில்டரை உரிமையாளர் கராஜுக்குப் போகாமல் வீட்டு முற்றத்திலேயே கழற்றிப் புதியது பூட்டும் காரியம் இங்கே விவரிக்கப்படுகிறது. அம்பேபுஸ்ஸையில் பிரிந்து குருநாகல், தம்புள்ளை, ஹபரணை வழியாகத் திருகோணமலையை அடையும் ஏ6 வீதியில், தம்புள்ளைக்குத் தென்மேற்கே உள்ள கலேவெலயில், மழையற்ற மாதங்களில் கிரவல் பாதைகளின் செம்புழுதியும் மாரியில் சேறும் வாகனங்களுக்கு நித்திய அநுபவங்கள். தோட்டத்து மரக்கறியை, 1999-இல் தோன்றிய தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்குச் சுமப்பது இவ்வாகனங்களின் பிரதான தொழில்களில் ஒன்று. 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தி, தனியார் வாகனங்களுக்கு அத்தடையை 2025 பெப்ரவரிவரை நீடித்தமையாலும், 2022-இல் ரூபாயின் பெறுமதி சரிந்து உதிரிப்பாகங்களின் விலை ஏறியமையாலும், உள்ள வண்டியைக் காப்பாற்றிக்கொள்வது விருப்பமாயிருந்த நிலை மாறி அவசியமாயிற்று.

டீசல் எஞ்சினில் மசகெண்ணெய் அழுக்கடைவதற்குப் பிரத்தியேகமான காரணம் உண்டு. அழுத்தத்தால் உஷ்ணமேறிய காற்றில் எரிபொருள் பீச்சப்பட்டுத் தானே தீப்பற்றும் இம்முறையில், துளிகள் முற்றாக எரியாத இடங்களில் கரி உண்டாகி, அதில் ஒரு பங்கு பிஸ்டன் வளையங்களைக் கடந்து எண்ணெயில் கலக்கிறது. தனிக் கரித்துகள் ஒரு மைக்ரோனிலும் மிகச் சிறிதாதலால் காகித வடிகட்டியில் சிக்குவதில்லை. எண்ணெயிலுள்ள இரசாயனச் சேர்க்கைகளே அதனைத் திரளவிடாமல் மிதக்கவைக்கின்றன. எனவே புதிய எண்ணெய் சில நாட்களிலேயே கறுத்துவிட்டதென்று கலங்குவது வீண். கறுப்பது அதன் கடமை. வடிகட்டியின் வேலை வேறு. தேய்ந்த உலோகத் துகளையும், உள்ளே புகுந்த மணலையும், திரண்டுபோன கரிக்கட்டியையும் அது தடுக்கிறது. புழுதி புகும் பெருவழி காற்று வடிகட்டியும் அதன் குழாய்களுமே. அங்கே வெடிப்பை வைத்துக்கொண்டு ஒயில் பில்டரை மட்டும் தவறாமல் மாற்றுபவர், கூரையில் ஓட்டை இருக்கத் தரையைத் துடைப்பவரே ஆவார்.

இச்சாதனம் மோட்டார் வாகனத்தோடு கூடப் பிறந்ததன்று. அமெரிக்காவில் ஏர்னஸ்ட் ஸ்வீட்லண்ட் என்பவர் ‘பியூரோலேட்டர்’ என்ற பெயரில் வடிகட்டியை வெளியிட்டது 1923-இல். அக்காலத்து வடிகட்டிகள் எண்ணெயின் ஒரு சிறு பங்கையே சுத்திகரித்து, எஞ்சியதை அப்படியே ஓடவிட்டன. எண்ணெய் முழுவதும் வடிகட்டியினூடாகவே சென்று பேரிங்குகளை அடையும் முறை பின்னரே பரவிற்று. அம்முறையில் வடிகட்டி அடைபட்டால் எஞ்சின் எண்ணெயின்றி அழியக்கூடுமாதலால், அழுத்தம் ஓரளவு மீறியதும் திறந்து, சுத்திகரிக்கப்படாத எண்ணெயையாவது அனுப்பும் ஒரு வால்வு அமைக்கப்பட்டது. 1957-இல் டீசல் எஞ்சின் பெற்ற பழைய லேண்ட்ரோவர்களில், இரும்புக் கிண்ணத்தினுள் வைக்கப்படும் வடிகட்டியை மாத்திரம் மாற்றினாற் போதும். ஜப்பானிய ஜீப்புகள் பெரும்பாலானவற்றில் கிண்ணமும் காகிதமும் ஒன்றாய்த் திருகிப் பூட்டும் டப்பாவே உண்டு. லேண்ட்ரோவர் டிபென்டரின் டி.டி.5 எஞ்சின், டப்பாவுக்குப் புறம்பாக, எண்ணெய் அழுத்தத்தாலேயே அதிவேகமாய்ச் சுழன்று நுண்கரியைச் சுவரில் ஒட்டச்செய்யும் மையவிலக்கு வடிகட்டி ஒன்றையும் உடையது. அதனை அறியாமல் ஒன்றை மாற்றி மற்றதை வருஷக்கணக்கில் மறந்துவிடுபவர் பலர்.

வேலையைத் தொடங்குமுன் எஞ்சினைச் சற்று ஓட்டிச் சூடாக்குவது சம்பிரதாயம்; இளஞ்சூட்டில் எண்ணெய் இளகி அழுக்கையும் இழுத்துக்கொண்டு வடியும், கொதிக்கும் சூட்டிலோ கையைப் பொசுக்கும். ஜீப்பின் அடிப்பாகம் நிலத்திலிருந்து போதிய உயரத்தில் இருப்பதால் பெரும்பாலும் ஜாக்கி வேண்டியதில்லை. உயர்த்த நேர்ந்தால், ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் படுப்பது உயிருக்கே அபாயம், தாங்கிகள் அவசியம். ஊற்றும் மூடியைத் திறந்துவிட்டு, சம்ப் நட்டை அளவான ஸ்பனரால் தளர்த்தி, அகன்ற பாத்திரத்தில் எண்ணெயை வடியவிட வேண்டும். அவ்வெண்ணெய் பாலோடு கலந்த தேநீர் நிறமாயிருந்தால் தண்ணீர் கலந்துள்ளதென்று பொருள். ஆழமான நீரில் வண்டியை இறக்கியதோ, ஹெட் கஸ்கட் கெட்டதோ காரணமாகலாம், காரணத்தைக் கண்டறியாமல் புதிய எண்ணெய் ஊற்றுவதிற் பயனில்லை.

இனி பில்டர். கையால் சுழலாததைத் தோற்பட்டையோ சங்கிலியோ கொண்ட சாவியால் கழற்றலாம். ஸ்குரூட்ரைவரைக் குத்தித் திருப்பும் உபாயம் தகரத்தைக் கிழித்து, பிடிமானம் ஏதுமற்ற எச்சத்தை எஞ்சினில் விட்டுவிடக்கூடியதாதலால் கடைசித் துணையாகவே கொள்ளத்தக்கது. இவ்வேலையில் நிகழும் விபத்துகளில் மிகக் கொடியது மிக எளிய காரணத்தால் விளைவது: பழைய பில்டரின் ரப்பர் வளையம் எஞ்சின் முகப்பில் ஒட்டிக்கொண்டிருக்க, அதனைக் கவனியாமல் அதன்மேல் புதிய வளையத்தை இறுக்குவர், வண்டி நின்ற இடத்தில் கசிவு தெரியாது, வீதியில் அழுத்தம் ஏறியதும் வளையம் பிதுங்கி, எண்ணெய் முழுவதும் நிமிஷக்கணக்கில் வெளியேறிவிடும். ஆதலின், கழற்றிய டப்பாவில் வளையம் இருக்கின்றதா என்று கண்ணால் பார்த்து, முகப்பை நூல் பிரியாத துணியால் துடைத்து, புதிய வளையத்தில் எண்ணெய் தடவி, வளையம் முகப்பைத் தொட்ட பின் கையாலேயே முக்காற் சுற்று இறுக்குவது பொதுவிதி. டப்பாவில் அச்சிட்ட அளவு வேறாயிருப்பின் அதுவே பிரமாணம். சாவியால் இறுக்குபவர் அடுத்த முறை கழற்றும்போதுதான் அதன் பலனை அறிவார். நிமிர்ந்து நிற்கும் பில்டரில் முன்கூட்டியே எண்ணெய் நிரப்பலாமா என்பதில் அபிப்பிராயபேதம் உண்டு. நிரப்புவதானால் நடுத்துவாரத்தில் ஊற்றாமல் சுற்றியுள்ள சிறு துவாரங்களில் ஊற்றவேண்டும், அப்பொழுதுதான் அதுவும் வடிபட்டுச் செல்லும்.

மரை பொருந்துகிறதென்ற ஒரே காரணத்துக்காக ஒரு பில்டரை வாங்குவது பிழை. டொயோட்டாவின் எல் வரிசை டீசல் எஞ்சின்கள் சிலவற்றுக்குரிய அசல் டப்பாவினுள், முழு எண்ணெயையும் வடிக்கும் பகுதியோடு, சிறு பங்கை மெதுவாய் நுணுக்கமாக வடிக்கும் இரண்டாவது பகுதியும் இருக்கிறது. வெளித்தோற்றத்தில் ஒத்த மலிவான பதிலிகளில் அது இல்லாதிருக்கலாம். எண்ணெய் விஷயத்திலும் இவ்வாறே: முன்னர் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தின் கையிலிருந்த மசகெண்ணெய் வியாபாரம் 1990-களில் தனியார்வசமான பின் கடைகளில் வகைகள் பெருகியிருப்பினும், பழைய டீசல் ஜீப்புகளுக்கு 15W-40 பருமனுள்ள, டீசலுக்கென்றே தயாரித்த எண்ணெய் பெரும்பாலும் ஏற்றது. புழுதிப் பாதையிற் பாரம் ஏற்றி ஓடும் வண்டிக்கு 5,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றுவது மிகையாகாது. சம்ப் நட்டை மீண்டும் இறுக்கிப் புதிய எண்ணெய் ஊற்றிய பின், எஞ்சினை முறுக்காமல் இயக்கி, எண்ணெய் அழுத்த விளக்கு அணைந்ததைக் கண்டு, நிறுத்திச் சில நிமிஷங்கள் பொறுத்து, சமதரையில் டிப்ஸ்டிக்கைப் பார்க்க வேண்டும். டர்போ உள்ள எஞ்சினில் இந்நிதானம் இரட்டிப்பாய்த் தேவை.

வடித்த எண்ணெயைக் கறையானுக்கு மருந்தாக வேலிக்கம்பங்களிற் பூசுவதும், புழுதி அடங்க முற்றத்தில் தெளிப்பதும் நாட்டுப்புறத்தில் நெடுங்கால வழக்கங்கள். கலேவெலப் பகுதியில் இவை சாதாரணத் தீங்கல்ல: குடிநீருக்கும் வெங்காயச் செய்கைக்கும் கிணறுகளையே நம்பியுள்ள குடும்பங்கள் அங்கே அநேகம், அங்குள்ள தேவஹூவக் குளமோ, ஐந்தாம் நூற்றாண்டில் தாதுசேன மன்னன் அமைத்த கலாவாவியைத் தன்னகத்தே கொண்ட கலா ஓயாப் படுகையைச் சேர்ந்தது. பழைய எண்ணெயில் எரிதலின்போது உண்டான நச்சுச் சேர்மங்களும் உலோகத் துகளும் கலந்திருப்பதால், தோலில் அடிக்கடி படுவதும் கேடு. கையுறை அணிவது ஆடம்பரமன்று. 1980-ஆம் ஆண்டின் 47-ஆம் இலக்கத் தேசிய சுற்றாடற் சட்டத்தின் கீழ் வந்த ஒழுங்குவிதிகள் கழிவெண்ணெயை அபாயகரமான கழிவுகளில் ஒன்றாக வைத்துள்ளன. பில்டரைத் துவாரம் கீழ்நோக்க ஓரிரவு கவிழ்த்து வைத்து, வடிந்ததையும் முன்னதனோடு சேர்த்து, தண்ணீரோ பிரேக் ஒயிலோ கலவாமல் மூடியுள்ள கேனில் அடைத்து, கழிவெண்ணெய் ஏற்கும் சேர்விஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கலாம். இவ்வாறு திரட்டப்படும் எண்ணெயில் ஒரு பகுதி புத்தளத்துச் சீமெந்துச் சூளையில் எரிபொருளாகிறது.