விடாது கருப்பு (தொலைக்காட்சித் தொடர்)

விடாது கருப்பு என்பது 1990களின் பிற்பாதியில் சன் தொலைக்காட்சியில் வாரந்தோறும் ஒளிபரப்பான தமிழ் மர்மத் தொடர் ஆகும். மர்ம தேசம் என்னும் தொடர் வரிசையில் ரகசியம் என்ற கதையை அடுத்து இது வெளிவந்தது. இந்திரா சௌந்தர்ராஜன் எழுதிய கதையை நாகா இயக்கினார். இயக்குநர் கே. பாலச்சந்தரின் மகனான பால கைலாசத்தின் மின் பிம்பங்கள் நிறுவனம் இதனைத் தயாரித்தது. முதன்மை வேடங்களில் நடித்த சேத்தன், தேவதர்சினி இருவரும் பின்னர் வாழ்க்கைத் துணைவர்கள் ஆயினர்.

கதைச் சுருக்கம்

(இப்பகுதி கதையின் முடிவை வெளிப்படுத்துகிறது.)

கருப்புசாமியைக் காவல் தெய்வமாக வணங்கும் ஒரு சிற்றூரில், தவறிழைத்தோர் ஒருவர் பின் ஒருவராகத் தண்டிக்கப்படுகின்றனர். வெள்ளைக் குதிரையில் வரும் கருப்புசாமியே தண்டிக்கிறார் என்று ஊரார் நம்புகின்றனர். பெண் மருத்துவர் ஒருவர் இந்த விளக்கத்தை ஏற்காமல் உண்மையைத் தேடுகிறார். ராஜேந்திரன் என்னும் சிறுவனின் இளமைக் காலம் ஓர் இழையாகவும், நிகழ்காலம் மற்றோர் இழையாகவும் மாறி மாறிச் சொல்லப்படுகின்றன. இரண்டும் இணையும் இடத்தில், பிளவுபட்ட ஆளுமை என்னும் உளநோய் மர்மத்தின் விடையாக அமைகிறது.

பின்புலம்

இந்திரா சௌந்தர்ராஜன் 1958ஆம் ஆண்டு சேலத்தில் பிறந்து, மதுரையில் வாழ்ந்து, 2024 நவம்பர் 10 அன்று அங்கேயே காலமானார். கதையின் தெய்வமும் மதுரை வட்டாரத்திற்கு நன்கு அறிமுகமானதே. மதுரைக்கு வடக்கே சுமார் 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அழகர்கோயிலில் பதினெட்டாம்படிக் கருப்பசாமிக்குச் சிலை இல்லை. அடைத்த கோபுரக் கதவே சந்தனம் பூசி வணங்கப்படுகிறது. வழக்குகளில் அக்கதவின் முன் சத்தியம் செய்யும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. மதுரை ஆரப்பாளையம் பேருந்து நிலையத்திலிருந்து உசிலம்பட்டி, தேனி நோக்கிச் செல்லும் வழியிலுள்ள ஊர்களிலும் கருப்புசாமி வழிபாடு பரவலாகக் காணப்படுகிறது. இங்கே கருப்பு என்பது அச்சம் தரும் உருவம் மட்டுமன்று. ஊரின் நீதிபதியும் ஆவார்.

ஈர்ப்புக்கான காரணங்கள்

தமிழ்வாணனின் சங்கர்லால், சுஜாதாவின் கணேஷ் - வசந்த் போன்ற துப்பறிவோர் நகரம் சார்ந்தவர்கள். அவர்கள் கதைகளில் குற்றம் செய்தவர் யார் என்பதே முதன்மையான கேள்வி. இத்தொடரில் அதற்கு முன்பாக, செய்தது தெய்வமா மனிதனா என்னும் கேள்வி எழுகிறது. நம்பிக்கையுள்ளவரும் ஐயமுள்ளவரும் ஒரே காட்சியை வெவ்வேறு விதமாகப் பொருள்கொள்ள முடிந்தது. வாரத்திற்கு ஒருமுறை ஒளிபரப்பானதால், இடைப்பட்ட நாட்களில் ஊகிப்பதற்கும் விவாதிப்பதற்கும் இடம் இருந்தது.

தண்டிப்பது தெய்வம் என்று கொண்டால் ஊரில் எவரும் சாட்சி சொல்ல வேண்டியதில்லை. புகார் அளிக்கவும் வேண்டியதில்லை. மருத்துவரின் தேடல் கொலையாளியை மட்டுமன்றி இந்த மௌனத்தையும் கலைக்கிறது. விடை கிடைத்த பின்னரும் ஒரு சிக்கல் எஞ்சுகிறது. தன் செயலையே அறியாத ஒருவரைக் குற்றவாளி என்பதா, நோயாளி என்பதா என்னும் கேள்வியைப் பார்வையாளரே எதிர்கொள்ள நேர்கிறது.

சீனத் தொடர்களுடன் ஒப்பீடு

தெய்வ நீதியும் துப்பறிதலும் கலப்பது தமிழுக்கு மட்டும் உரியதன்று. சீனாவின் சோங் மரபுக்கால நீதிபதியான பாவ் செங் (999-1062) பற்றிய கதைகளில், அவர் பகலில் மனிதர்களுக்கும் இரவில் ஆவிகளுக்கும் நீதி வழங்குபவராகச் சித்திரிக்கப்படுகிறார். இவரை நாயகனாகக் கொண்டு 1993இல் தைவானில் தயாரான தொடர் 236 பகுதிகள் ஒளிபரப்பாகி, ஆங்காங், சிங்கப்பூர் ஆகிய இடங்களிலும் புகழ்பெற்றது. பழைய சீன வழக்குக் கதைகளில் குற்றவாளி யார் என்பது பெரும்பாலும் தொடக்கத்திலேயே தெரிந்துவிடும். நீதி எவ்வாறு நிலைநாட்டப்படுகிறது என்பதே சுவை. விடாது கருப்பு இதற்கு நேர்மாறானது. இதில் தண்டனை முதலில் வருகிறது. தண்டித்தவரைத் தேடுவதே கதையாகிறது. எனினும், வலியவர் தப்பிவிடக் கூடாது என்னும் எளிய மக்களின் விருப்பம் இரண்டிற்கும் பொதுவானது.