பேச்சிழந்தவர் அறிவிழந்தவர் அல்லர்

பாரிசவாதம் கை, கால்களை முடக்கும் என்பதை அனைவரும் அறிவர். அது மொழியையும் முடக்கக்கூடும் என்பதைப் பலர் அறிவதில்லை. இதனால், தோட்டத்து லயன்களில் பேச்சிழந்த முதியவர் ஒருவர் புத்தி பேதலித்தவராகக் கருதப்பட்டு ஒதுக்கப்படும் அபாயம் உண்டு. 'அபேசியா' எனப்படும் இப்பாதிப்பின் வகைகளை அறிந்திருத்தல் அவசியமாகும்.

1861இல் பாரிஸ் நகர வைத்தியர் போல் புரோக்கா, 'டான்' என்ற ஓரசையை மாத்திரமே உச்சரிக்க முடிந்த நோயாளியொருவரின் மூளையை, அவரது மரணத்தின் பின் ஆராய்ந்து, இடது முன்பகுதியில் சிதைவைக் கண்டார். இவ்வகையினர் பிறர் கூறுவதைப் பெருமளவில் விளங்கிக்கொள்வர். ஆனால் ஓரிரு சொற்களையே திணறிக் கூறுவர். 1874இல் ஜேர்மனிய வைத்தியர் கார்ள் வேர்ணிக்கே விபரித்த வகை இதற்கு நேர்மாறானது. பேச்சு தடையின்றி ஓடும், பொருள் இராது, பிறர் பேச்சும் விளங்காது. பைத்தியம் எனத் தவறாகக் கருதப்படக்கூடியவர்கள் இவர்களே.

பேச்சு, விளக்கம் இரண்டும் பெரிதும் குன்றுவது முழுமையான அபேசியா. பொருட்களின் பெயர் மட்டும் நாவில் வராதிருப்பது மற்றொரு வகை. விளங்கியும் பேசியும், கேட்டதைத் திருப்பிச் சொல்ல இயலாதிருப்பது இன்னொன்று. வாய்த் தசைகள் தளர்ந்து உச்சரிப்பு குழறுவதோ அபேசியா அன்று. அங்கு மொழி பாதிக்கப்படுவதில்லை. உரையாட முடியாதவர் தேவாரத்தையோ சூறாவையோ தடையின்றி ஓதுவதும் உண்டு. அது பாசாங்கு அன்று. மனதில் பதிந்தவை எஞ்சி நிற்பதேயாகும்.

பேச்சு சரளமா, விளங்குகின்றதா, திருப்பிச் சொல்ல முடிகின்றதா என்பவற்றைக் கொண்டே வைத்தியர்கள் வகைகளைப் பிரித்தறிகின்றனர். இச்சோதனை நோயாளியின் தாய்மொழியில் நிகழ வேண்டும். தமிழ் மாத்திரமே அறிந்த தொழிலாளியிடம் சிங்களத்தில் வினவினால், மொழி அறியாமையே நோயாகப் பதியப்பட்டுவிடும். 2017இல் டிக்கோயாவில் 150 கட்டில்களுடன் புதிய வைத்தியசாலைக் கட்டடம் திறக்கப்பட்டது. கட்டடத்தைப் போன்றே தமிழறிந்த பேச்சுச் சிகிச்சையாளரும் மலையகத்துக்குத் தேவை. ராகமையிலுள்ள களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் இதற்கான பட்டக்கல்வி உண்டு. மலையக மாணவர்களை இத்துறைக்கு ஆற்றுப்படுத்துவது கல்விச் சமூகத்தின் கடமையாகும்.

திடீரெனப் பேச்சுக் குழறினால் தாமதியாது 1990 அம்புலன்ஸ் சேவையை அழைக்க வேண்டும். உறைகட்டியைக் கரைக்கும் மருந்து நாலரை மணித்தியாலத்துக்குள் வழங்கப்பட வேண்டியதாகும். அதன்பின் வீட்டார் சுருக்கமாகப் பேசி, சைகை காட்டி, பொறுமையுடன் பதிலுக்குக் காத்திருப்பார்களாயின், மௌனமாகிப்போன அம்மனிதர் மீண்டும் குடும்பத்தில் ஒருவராவார் என்பது எமது நம்பிக்கையாகும்.