முழங்கைக்குள் சுண்ணாம்பு

எங்கள் கல்லல் வீட்டில் நடந்த ஒரு கூத்துதான் இந்தப் பதிவுக்குக் காரணம்.

பெரியப்பா கொத்தனார். செட்டிநாட்டு வீடுகளின் சுண்ணாம்புப் பூச்சைக் கண்ணாடி மாதிரி தேய்த்து எடுப்பவர். வலது முழங்கை வலிக்கிறது என்று எக்ஸ்ரே எடுத்தால், எலும்பை ஒட்டி வெள்ளையாக ஒரு புள்ளி. தசைநாணில் கால்சியமாம்!

"ஏன் தம்பி, இம்புட்டு வருசம் சுண்ணாம்பு குழைச்சதுல உள்ளயும் போயிருச்சோ?" என்றார். அன்றே பாலையும் வெற்றிலை பாக்கையும் நிறுத்திவிட்டார். (பாக்கை விட்டது நல்லதுதான், காரணம்தான் தப்பு :-))

சாப்பிடுகிற கால்சியத்தால் இது வருவதில்லை. ஓயாமல் உழைத்து நைந்துபோன நாணில் உடம்பே படிய வைப்பது.

சரி, வரலாற்றுக்கு வருவோம். 1873இல் ஜெர்மனியில் ரூங்கே என்ற மருத்துவர், எழுதி எழுதிக் கை நொந்தவர்களிடம் இந்த முழங்கை வலியைக் குறித்து வைத்தார். பத்து வருடத்தில் இங்கிலாந்தில் அதற்கு டென்னிஸ் பெயர் ஒட்டிக்கொண்டது. குமாஸ்தாவுக்கும் கொத்தனாருக்கும் வருகிற நோய், பெயர் மட்டும் பணக்காரர் விளையாட்டுடையது!

1895இல் ரான்ட்ஜென் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்த பிறகுதான் கால்சியம் கண்ணுக்குத் தெரிந்தது, அதுவும் முதலில் தோளில். மூட்டை ஒட்டிய நீர்ப்பையில் இருப்பதாக நினைத்தார்கள். நாணுக்குள்தான் என்று வாதிட்டவர் பாஸ்டனின் கோட்மன். அவருடைய தோள் பற்றிய புத்தகம் 1934இல் வந்தது. அதே வருடம்தான் சென்னைப் பொது மருத்துவமனையில் பர்னார்டு கதிரியக்க நிலையம் திறக்கப்பட்டது.

சிகிச்சைக் கதை இன்னும் சுவாரசியம். 1980இல் மியூனிக்கில் சிறுநீரகக் கல்லை உடைக்க வந்த அதிர்வலை இயந்திரம், 90களில் நாண்களுக்கும் வந்தது. தோளில் நன்றாகவே உதவியது. முழங்கையில் முடிவுகள் முன்னுக்குப் பின் முரண்.

பெரியப்பா கேட்டது ஸ்டீராய்டு ஊசி. சீக்கிரம் வேலைக்குப் போகணுமே! ஆனால் 2006இல் வெளிவந்த பிரிஸ்பேன் ஆய்வில், ஊசி போட்டவர்கள் ஆறு வாரத்தில் முன்னேறினார்கள், பிறகு பலருக்கு வலி திரும்பியது. ஒரு வருடத்தில் சும்மா பொறுத்திருந்தவர்களே தேவலை. நம்ம சச்சின் 2005 மே மாதம் லண்டனில் அறுவை செய்துகொண்டு, அக்டோபரில் நாக்பூரில் 93 அடித்தார். ஆனால் பெரும்பாலோருக்குக் கத்தி தேவைப்படுவதில்லை.

டாக்டர் புள்ளியைப் பெரிதுபடுத்தவில்லை. முழங்கையின் வெளி முண்டை அழுத்தினார். மணிக்கட்டை மேலே தூக்கச் சொல்லி எதிர்த்துப் பிடித்தார், பெரியப்பா கத்திவிட்டார். நோயைச் சொன்னது அந்தச் சோதனைதான்.

இப்போது பெரியப்பா தினமும் தண்ணீர் பாட்டிலைப் பிடித்து மணிக்கட்டை மெதுவாக இறக்கிப் பயிற்சி செய்கிறார். தேய்ப்பு வேலை மூன்று மாதம் சித்தப்பா கையில். பூச்சில் பளபளப்பு வரவில்லை என்று தினமும் திட்டு விழுகிறது.