குற்றாலப் பழப் பருவம்

குற்றாலப் பழப் பருவம் என்பது, தென்காசி மாவட்டம் குற்றாலத்தின் மலையடிவாரத் தோட்டங்களில் மங்குஸ்தான், ரம்புட்டான், துரியன் ஆகிய பழங்கள் அறுவடையாகும் காலம். பெரும்பாலும் ஆனி முதல் ஆவணி வரை நீளும். அருவிகளில் நீர் விழும் 'சீசன்' காலமும் இதுவே என்பதால், சாரல்தான் பழத்தைக் கொண்டுவருகிறது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. உண்மையில் அவ்வாண்டு விளைச்சலில் பெரும்பகுதி அதற்கு நான்கைந்து மாதங்களுக்கு முன்பே, தை, மாசி வெயிலில் முடிவாகிவிடுகிறது.

நிலமும் காற்றும்

அகத்தியமலைத் தொடருக்கும் அதன் வடக்கிலுள்ள பெரியாறு மலைகளுக்கும் இடையே மேற்குத் தொடர்ச்சி மலை தாழ்ந்து, செங்கோட்டைக் கணவாயாகிறது. ஆரியங்காவு வழியாகக் கேரளத்துக்குச் செல்லும் சாலையும் ரயில் பாதையும் இதன் வழியே போகின்றன. தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையைக் கேரளச் சரிவில் கொட்டிவிட்டு, மிஞ்சிய ஈரத்துடன் இந்த இடைவெளியில் நுழைகிறது. சமவெளியின் பிற ஊர்கள் ஆனியிலும் ஆடியிலும் காய்ந்து கிடக்க, தென்காசி, செங்கோட்டை, குற்றாலம் பகுதிகள் தூறலும் குளிர்காற்றுமாக இருப்பது இதனால்தான். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையும் இங்கு பெய்கிறது. ஆண்டுக்கு இரு மழை என்ற இந்த அமைப்பின் மீதுதான் சிற்றாற்றுப் பாசனத்தின் கார், பிசானம் என்னும் இரு நெற்பருவங்களும் நிற்கின்றன.

வரலாறு

இப்பழங்கள் மூன்றும் மலாய் நிலப்பகுதியைச் சேர்ந்தவை. மலாய் மொழியில் 'ரம்புட்' என்றால் முடி, 'டுரி' என்றால் முள். ரம்புட்டானும் துரியனும் தம் தோலைக் குறிக்கும் பெயருடனேயே இங்கு வந்தன. அயல்நாட்டு மரங்களைக் குற்றாலத்தில் வளர்க்கும் முயற்சி கிழக்கிந்தியக் கம்பெனியுடன் தொடங்கியது. 1796-இல் ஆங்கிலேயர் டச்சுக்காரர்களிடமிருந்து மலுக்குத் தீவுகளைக் கைப்பற்றியதும், அதுவரை கட்டிக்காக்கப்பட்ட ஜாதிக்காய், கிராம்புக் கன்றுகள் வெளியே வந்தன. அவற்றுக்கு ஏற்ற ஈரமும் நிழலும் உள்ள இடமாகக் குற்றாலத்தைக் கண்ட கம்பெனி, இங்கு வாசனைப்பயிர்த் தோட்டங்களை அமைத்தது. 1830-களில் தாவரவியலாளர் ராபர்ட் வைட் இம்மலைகளில் செடிகளைச் சேகரித்தார். பின்னாளில் உருவான அரசுப் பழத்தோட்டம் தோட்டக்கலைத் துறையின் பொறுப்பில் உள்ளது. அதற்குள் விழும் அருவிக்குப் பழத்தோட்ட அருவி என்றே பெயர்.

பூப்பும் காய்ப்பும்

மங்குஸ்தான் ஈரத்தில் செழிக்கும் மரம். ஆனால் பூக்க வேண்டுமானால் அதற்கு முன் சில வாரங்கள் மண் சற்றுக் காய வேண்டும். வடகிழக்கு மழை மார்கழியில் விலகி, தையில் தெளிந்த வானமும் வெயிலும் இருந்தால் மரம் மொட்டு விடும். அப்போது மழை தொடர்ந்தால் மொட்டுக்குப் பதில் தளிர் விடும். மரம் பச்சைப்பசேலென்று நிற்கும், காய் இருக்காது. பூத்ததிலிருந்து பழமாக ஏறத்தாழ 100 முதல் 120 நாள் ஆகும். ஆனியில் பழம் வேண்டுமென்றால் மாசியில் பூ இருந்தாக வேண்டும்.

பூ பிடித்தபின் தேவை தலைகீழாகிறது. பங்குனி, சித்திரையில் மண் வறண்டால் பிஞ்சு உதிரும், பழம் சிறுக்கும். கோடை மழையோ வாய்க்கால் நீரோ அப்போது வேண்டும். பழுக்கும் வேளையில் அடைமழை பிடித்தால் தோலுக்குள் மஞ்சள் பால் கசிந்து சுளையில் ஏறிக் கசக்கும். வெள்ளைச் சுளை கண்ணாடிபோல் மாறி இறுகிவிடுவதும் உண்டு. மெல்லிய சாரல் கெடுதல் செய்வதில்லை, கொட்டும் மழைதான் செய்கிறது.

ரம்புட்டானும் பூக்க வறட்சியை வேண்டுவது. பூத்திருக்கும்போது மழை பெய்தால் தேனீக்கள் வராமல் காய்ப்பிடிப்பு குறையும். காய்ந்திருந்த மண்ணில் திடீரென நீர் சேர்ந்தால் பழம் வெடிக்கும்.

மங்குஸ்தானில் மகரந்தச் சேர்க்கை இல்லாமலே விதை உண்டாகிறது. கன்று ஏறக்குறைய தாய்மரத்தின் நகல். இரக வேறுபாடு மிகக் குறைவு என்பதால், ஓர் ஆண்டுப் பழத்துக்கும் அடுத்த ஆண்டுப் பழத்துக்கும் உள்ள வேறுபாட்டில் பெரும்பங்கு வானிலையையும் பராமரிப்பையுமே சாரும்.

திராட்சையுடன் ஒப்பீடு

வானிலைக்கும் அறுவடைக்கும் உள்ள உறவு மிக நீண்டகாலம் பதிவாகியிருப்பது ஐரோப்பிய ஒயின் திராட்சையில். பிரான்சின் போன் நகரில் திராட்சை அறுவடை தொடங்கிய நாட்கள் 1354 முதல் தொகுக்கப்பட்டுள்ளன. வெப்பமான ஆண்டில் அறுவடை முந்தும், குளிர்ந்த ஆண்டில் பிந்தும். அதனால் அப்பட்டியல் தட்பவெப்ப வரலாறாகவும் படிக்கப்படுகிறது. விளைந்த ஆண்டை ஒயின் பாட்டிலில் அச்சிடும் வழக்கமும் ஆண்டுக்காண்டு சுவை மாறுவதால் நிலைத்தது.

தமிழகத்தில் திராட்சைக்குப் பெயர்பெற்றது தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கு. பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவரால் 1832-இல் அறிமுகமானதாகக் கூறப்படும் அங்குள்ள பன்னீர் திராட்சை 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. கடுங்குளிர் இல்லாததால் கொடி உறங்குவதில்லை. எப்போது காய்க்க வேண்டும் என்பதை விவசாயி கவாத்து வெட்டித் தீர்மானிக்கிறார். ஆனாலும் பூக்கும்போது மழை வந்தால் அடிச்சாம்பல் நோயும், பழுக்கும்போது வந்தால் வெடிப்பும் தப்பாது. மங்குஸ்தான் மரத்திலோ கவாத்தால் பருவத்தை அப்படி மாற்ற வழியில்லை.

அண்மைக்காலம்

2016-இல் வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் இயல்பைவிட 60 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது. 2021 ஜனவரியில், வறண்டிருக்க வேண்டிய தை மாதத் தொடக்கத்தில், கனமழை பெய்து தாமிரபரணியில் வெள்ளம் வந்தது. 2024 மே 17 அன்று, சீசன் தொடங்கும் முன்பே, பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் பாய்ந்து ஒரு சிறுவன் உயிரிழந்தான். மழையின் அளவைவிட அது வரும் மாதம் முக்கியமான மரங்களுக்கு இத்தகைய மாற்றங்கள் கடினமானவை.

விளைச்சல் குறைந்த ஆண்டிலும் அருவிக்கரைக் கடைகள் வெறுமையாவதில்லை. கணவாய்க்கு அப்பால் கேரளத் தோட்டங்களிலிருந்தும் பழம் வருவதால், எந்த ஆண்டு எப்படி விளைந்தது என்பது கடைக்கூடையில் தெரிவதில்லை. தை மாத வானத்தைப் பார்த்திருந்த தோட்டக்காரருக்கே அது தெரியும்.